இரண்டு கடலுக்கு ஒரு படகு: எதை வாங்குவது?

மூவர் சேர்ந்து, தூண்டில் போட ஒரு படகு வாங்குவதென்று தீர்மானித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. எந்தப் படகு என்று தீர்மானிக்கத்தான் இத்தனை காலமும் பிடித்தது. மூவரில் ஒருவர், பாம்பனில் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பத்து அண்ணன்; இன்னொருவர், மஸ்கட்டில் 11 ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் மச்சான்; மூன்றாவது ஆள், மண்டபத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுகிற நான். அண்ணனிடம் ஏற்கெனவே வத்தை எனும் பலகைப் படகு ஒன்று இருக்கிறது. அது போதாது என்ற எண்ணத்தை எங்கள் மனத்தில் விதைத்தவர்கள் வெளிநாட்டு நண்பர்கள்.

தந்தைக்குத் திதி கொடுக்க இராமேசுவரம் வந்து, அக்னி தீர்த்தக் கரையில் காரியம் முடிந்த மறுநாளே பாம்பனில் தூண்டில் போட இடம் விசாரித்த பினாங்குத் தமிழர் ஒருவர்; பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காக வந்த, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக்காரர் ஒருவர்; மச்சானுடன் மஸ்கட்டில் வேலை பார்த்த, நார்வேயின் பெர்கன் நகரத்தவர் ஒருவர்; சென்னைக்கு அருகில் கார்த் தொழிற்சாலையில் பணிபுரிந்தபடி, நாலு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் இராமேசுவரம் ரயிலில் ஏறிவிடுகிற யோகொஹாமாக்காரர் ஒருவர். இவர்களோடு, மன்னாரில் இருக்கும் அண்ணனின் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வந்தவர் எவரும் வெறுங்கையோடு வரவில்லை, வெறுங்கையோடு போகவும் இல்லை. தூண்டில் கைமாறியபோதெல்லாம் தத்தம் ஊர்ப் படகைப் பற்றிய பெருமையும் கூடவே வந்தது. ஒவ்வொருவரும் சொன்ன படகு அவரவர் கடலுக்குச் சரியானதுதான். எங்கள் கடலுக்கு எது என்பதே கேள்வி.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையிலிருந்து சர்வதேசக் கடல் எல்லை வெகு அருகில் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு நண்பர் யாரையும் மீன்பிடிப் படகில் ஏற்றுவதில்லை என்பது எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அவர்கள் எங்களோடு மீன் பிடித்ததெல்லாம் கரையில் நின்றுதான். படகைப் பற்றிய பேச்சு மட்டும் கடலுக்குள் வெகுதூரம் போய்வந்தது.

கடல் ஒன்றல்ல

மண்டபத்தில் இருப்பவனுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் 8 பாகத்தைத் தாண்டாது (ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி). அடியில் சேறும், தாழை என்று நாங்கள் சொல்லும் கடற்புல்லுமாக இருக்கும். தென்கடலான மன்னார் வளைகுடாவில் பார் எனும் கடலடிப் பாறைத் திட்டுகளும் பவளப் பாறைகளும் உண்டு. வெளியே போகப் போக ஆழமும் உண்டு. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் குமுறும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்றும் சோழகக் காற்றும் அடிக்கும்போது நிலைமை தலைகீழாகிவிடும். மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் குளம்போல இருப்பது உண்டு. ஆக, ஒரே கடலில் மட்டும் ஓடக்கூடிய படகை வாங்கினால் ஆண்டில் பாதி நாள் அதைக் கரையில் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகையால் படகை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்ற முடிய வேண்டும் என்பதை முதல் தேவையாக வைத்தோம். பாம்பன் கால்வாய் வழியாக, பாலத்துக்கு அடியில் ஓட்டிப் போகலாம். ஆனால் அந்த இடுக்கில் நீரோட்டத்தின் வேகம் தெரிந்தவர்கள், சிறு இன்ஜினை நம்பி எந்த நேரத்திலும் அங்கே நுழைய மாட்டார்கள். தரை வழியாக டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனால், மண்டபத்தில் வடகரைக்கும் தென்கரைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது தேவை, படகைக் கரையேற்றும் ஆள்பலம். மச்சானும் நானும் படங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது அண்ணன் கேட்ட கேள்வி இதுதான்: “தம்பி, போறதுக்கு மூணு பேரு போதும். திரும்பி வந்து மணல்ல ஏத்துறதுக்கு எத்தனை பேரு வருவாங்க?” தொழிலுக்குப் போகும் படகு கரைக்கு வந்தால் அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் ஓடிவந்து தோள் கொடுப்பார்கள், இவர்களும் அவர்களுக்குக் கொடுப்பார்கள். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டுவிட்டு வருகிறவனுக்கு அந்த உதவியை நாள்தோறும் எதிர்பார்க்கும் உரிமை கிடையாது.

மூன்றாவது தேவை தூரம் பற்றியது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும் சேர்த்து 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்; பரப்பு 560 சதுர கிலோமீட்டர். பூங்காவின் எல்லையை மீனவர் கணக்கிலேயே சொல்லலாம்: தீவுக்குக் கரைப்பக்கமாக மூன்றரைப் பாகம் ஆழம் வரை, கடல்பக்கமாக ஐந்து பாகம் ஆழம் வரை. அதற்குள் தூண்டில் போடக் கூடாது. விளமீனும் கலவாவும் தீவு ஓரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன என்று ஆசை காட்டும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது. எனவே தென்கடலில் தீவுகளைத் தாண்டி ஐந்து பாகத்துக்கு அப்பால் போய், மதியக் காற்று ஏறுவதற்குள் திரும்பி வரத் தக்க படகு வேண்டும்.

டார்வினின் அலுமினியமும் மஸ்கட்டின் வேகமும்

டார்வின்காரர் வைத்திருப்பது சுமார் 15 அடி நீள அலுமினியப் படகு. அவர் ஊரில் அதை டின்னி என்று செல்லமாகச் சொல்கிறார்கள். காருக்குப் பின்னால் இழுவை வண்டியில் கட்டி, கடலுக்குள் சரியும் சிமென்ட் சரிவில் இறக்கி, மாலையில் அதே சரிவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார். டார்வினில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 8 மீட்டர் வரை வேறுபாடு வரும் என்பதால், அங்கே படகைக் கரையோரம் கட்டிப்போட்டுவிட்டு வர முடியாது. இழுவை வண்டிப் படகு அந்தக் கடலே கேட்ட படகு. இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. சரிவும் இல்லை; இருப்பது மணல். எடை குறைவு என்பது அலுமினியத்தின் பெரிய நன்மைதான், ஆனால் உப்பு நீரில் அடிபட்டு வெடிப்பு விட்டால் அதைப் பற்றவைக்கத் தெரிந்த பட்டறை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஈயக்குண்டு ஒன்று கைதவறித் தளத்தில் விழுந்தால் அந்த ஓசை தண்ணீருக்குள் மணியடித்ததுபோல் போகும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அவரோடு பேசும்போது ஒரு வேடிக்கையும் நடந்தது. தமக்கு மிகவும் பிடித்தது ‘கேட்டமரான்’ என்றும், அலையில் அதைப்போல் நிலையாக நிற்பது வேறில்லை என்றும் அவர் விவரித்துக்கொண்டே போக, அண்ணன் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், மணலில் அவிழ்த்துப்போட்டிருந்த பழைய கட்டுமரத்தைக் காட்டினார். இரட்டை உடல் கொண்ட வெள்ளைப் படகை எதிர்பார்த்தவர், நாலு கட்டையையும் கயிற்றையும் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கயிறு கட்டும் முறையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார்.

மச்சானின் விருப்பம் வேறு. ஓமான் கரையில் பார்த்த, நீண்டு ஒடுங்கிய ஃபைபர் படகும் அதன் பின்னால் பெரிய பெட்ரோல் இன்ஜினும் அவர் கனவில் வந்துகொண்டிருந்தன. அங்கே கரையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே ஆழம் இறங்கிவிடுவதால், சூரை மீன் கூட்டம் மேலே வந்து பொங்கும் இடத்துக்குப் பறந்து போய்ச் சேர வேகம் உதவும். வடகடலில் அந்த வேகத்தில் போனால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவருடைய வலையைச் சுழலி அறுத்துவிடும். இதைச் சொன்னபோது மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது என்றாலும், பேச்சை அதற்குமேல் அவர் இழுக்கவில்லை.

முப்பது அடி ஃபைபர்

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை முழுவதும் பெருகிய, 28 முதல் 32 அடி நீளமுள்ள ஃபைபர் படகைத்தான் எங்களைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பரிந்துரைத்தார்கள். அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அலையை அடித்து ஏறும், நாலைந்து பேரோடு பனிக்கட்டிப் பெட்டியையும் தாங்கும், பழுதானால் பிசினும் கண்ணாடி இழைப் பாயும் வாங்கி உள்ளூரிலேயே ஒட்டிவிடலாம், விற்க நினைத்தால் மறுநாளே ஆள் வரும். தென்கடலில் ஆழம் தேடிப் போகிறவனுக்கு இதைவிட நம்பிக்கையானது இல்லை.

ஆனால் தொழிலுக்கான படகு தொழில் செய்தால்தான் தன் செலவைத் தானே தாங்கும். அரசு மானிய மண்ணெண்ணெய் மீனவருடைய தொழிலுக்காகக் கொடுப்பது. பதிவு அண்ணன் பெயரில் இருக்கும் என்பதற்காக, நானும் மச்சானும் ஞாயிற்றுக்கிழமை ஊழி மீன் பிடிக்கப் போவதற்கு அதை ஊற்றுவது முறையல்ல என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டோம். அப்படியானால் முழு விலை எரிபொருளில் அவ்வளவு பெரிய உடலைத் தள்ள வேண்டும். கரையேற்ற எட்டுப் பத்துப் பேர் வேண்டும் அல்லது ஒவ்வொரு முறையும் டிராக்டர் வேண்டும். ஆண்டுக்கு முப்பது நாற்பது நாள் மட்டும் தூண்டில் போடும் மூவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. வலைத்தொழிலும் செய்யப் போகிறவர்கள் தயங்காமல் இதையே வாங்கலாம். அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

பினாங்குக்காரர் சொன்ன காயக்

ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் காயக் வாங்கச் சொன்னார் பினாங்குத் தமிழர். முப்பது முப்பத்தைந்து கிலோவுக்குள் எடை, வீட்டுச் சுவரில் சாய்த்து வைக்கலாம், எரிபொருள் கிடையாது, சத்தம் கிடையாது. வடகடலில் கச்சான் காலத்து விடியற்காலையில் அரைக் கிலோமீட்டர் தூரத்துக்குள் முரலும் ஒராவும் பிடிக்க அதைவிட நல்லது இல்லை என்பதை மறுக்க மாட்டேன். கேரளத்தின் காயலில் போய்வருபவர்களும் இதைப் புகழ்கிறார்கள். எங்கள் மூவருக்கு மூன்று காயக் வேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காற்று திரும்பிவிட்டால் கை சோர்ந்த ஆளைத் தென்கடலில் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. இரவில் விசைப்படகு வரும் பாதையில் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தனியாள், பகல் நேரம், கரையோரம் என்ற மூன்று நிபந்தனைக்கும் உட்படுபவர் வாங்கிக்கொள்ளலாம்.

வத்தையை ஏன் விற்கவில்லை

வத்தை என்பது பாக் விரிகுடாவின் பலகைப் படகு. பாய் விரித்து ஓடும்போது காற்றின் பக்கமாக ஒரு நீளப் பலகையைக் குறுக்கே நீட்டி, அதன்மேல் ஆள் ஏறி உட்கார்ந்து படகு கவிழாமல் எடை கொடுப்பார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920ஆம் ஆண்டில் எழுதியபோது இந்தச் சமன்பலகையைத் தனியாகக் கவனித்திருக்கிறார். அண்ணனின் வத்தையில் இப்போது பாய் அபூர்வமாகத்தான் ஏறுகிறது. சிறு டீசல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. மரம் அல்லவா, ஆண்டுதோறும் இழுத்துப்போட்டு அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்ட வேண்டும், பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துப் பார்க்க வேண்டும். கலப்பத்து வேலை தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். புதிதாக ஒரு வத்தை கட்டுவது பற்றி யோசித்த வேகத்திலேயே கைவிட்டோம். இருப்பதை விற்கவில்லை. அதற்குக் காரணம் யோகொஹாமாக்காரர் கொண்டுவந்த ஒரு சிறிய பெட்டி.

பெட்டிக்குள் இறால் வடிவத்தில் துணி சுற்றிய ஆறு கணவாய்த் தூண்டில்கள் இருந்தன. ஜப்பானில் எகி என்று அழைக்கப்படும் இவற்றை அந்நாட்டின் தெற்கே ககோஷிமா பக்கத்தில் முதலில் மரத்தில் செதுக்கினார்களாம். அவர் ஊரில் இதைப் போட்டுப் பிடிக்கும் கணவாயின் படத்தைக் காட்டினார். உடலின் இரு ஓரத்திலும் முழு நீளத்துக்கு அகன்ற துடுப்பு. அண்ணன் பார்த்ததும், “இது நம்ம வடகடல் கணவாய்ல!” என்றார். உண்மையும் அதுதான். ஜப்பானியர் அவோரி இகா என்று கொண்டாடுவதும், பாக் விரிகுடாவின் தாழைப் படுகையில் முட்டையிடுவதும் ஒரே இனம். ஆக, அந்தத் தூண்டில் பழகிய மீனைத் தேடித்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் முதல் நாள் இரவு ஒன்றும் சிக்கவில்லை, சிக்கியதெல்லாம் தாழை. அந்த எகி ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும் என்று யோகொஹாமாக்காரர் சொல்லியிருந்தார். பாறைக் கரையில், ஆழமான தண்ணீரில் வீசுகிறவருக்கு அது சரியான வேகம். நாங்கள் நின்ற இடத்தில் ஆழம் ஒன்றரைப் பாகம். எட்டு விநாடிக்குள் தூண்டில் தாழைக்குள் மூழ்கிவிடுகிறது. மறுநாள் காலையில் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, தூண்டிலின் தாடைக்கடியில் இருக்கும் ஈயத்தைப் பேனாக்கத்தியால் சீவினார். ஒரு சீவல் சீவுவார், வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார், மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து இறங்குகிறதா என்று உற்றுப் பார்ப்பார், மீண்டும் எடுத்துச் சீவுவார். ஈயம் அதிகம் போய்விட்டால் தூண்டில் மட்டமாகப் படுத்துவிடும், கணவாய் கட்டாது. ஆறில் ஒன்று அப்படித்தான் பாழாயிற்று. மற்ற ஐந்தும் இலை உதிர்வதுபோல் இறங்கத் தொடங்கிய பிறகு, அன்றிரவே வத்தையில் இன்ஜினை அணைத்துவிட்டு அண்ணனும் நானும் பதினான்கு கணவாய் எடுத்தோம்.

பதிலுக்கு அண்ணன் தம் கையால் செய்த கணவாய்த் தூண்டிலைக் கொடுத்தார். ஈயக் குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி, அடியில் வளையமாக முள் கட்டியது. அதைச் சுற்றி வைத்திருந்த பனைமட்டைத் துண்டையும் சேர்த்தே வாங்கிப் போனார் யோகொஹாமாக்காரர்.

இது படகைப் பற்றிய பேச்சில் ஏன் வருகிறதென்றால், அந்த இரவு எனக்கு ஒன்று தெளிந்தது. ஒன்றரைப் பாகத் தண்ணீரில் மரப் படகு அலையைத் தட்டாமல் கிடக்கிறது. அண்ணனின் மைத்துனருடைய ஃபைபர் படகில் போன இன்னொரு இரவில் அடித்தளத்தை அலை சளக் சளக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது, அன்று கிடைத்தவை மூன்று. இரண்டு இரவுகளை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். அண்ணன் மட்டும் எழுதிவிட்டார். கணவாய்க்கு வத்தைதான் என்கிறார்.

தங்கூசியும் பின்னல் நூலும்

தூண்டில் கயிற்றில் நடந்த ஒப்பீடு, படகில் நடந்ததைவிடக் கடுமையானது. நைலான் நரம்பைப் பாம்பனிலும் மன்னாரிலும் தங்கூசி என்கிறோம். சிங்களத்தில் அது தங்குஸ். பினாங்குத் தமிழர் அதைக் கையில் வாங்கியதும், “எங்க ஊர்ல மலாய்க்காரங்க தங்சின்னு சொல்வாங்க” என்றார். நாலு கரையிலும் ஒரே சொல்லாகப் புழங்கும் இந்தச் சாமானை, டார்வின்காரரும் யோகொஹாமாக்காரரும் பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டுப் பாலிஎதிலீன் பின்னல் நூலையே புகழ்ந்தார்கள்.

பின்னல் நூல் மெல்லியது, தூரமாக வீசலாம், இழுத்தால் நீளாது. ஆதலால் எட்டுப் பாகத்துக்குக் கீழே விளமீன் மூக்கால் இடிப்பதுகூட விரலுக்குத் தெரிகிறது. தங்கூசி இழுத்தால் நீண்டு கொடுக்கும். அந்த நீட்சியே சில நேரம் குறை, சில நேரம் காப்பு. கைத்தூண்டிலில் பின்னல் நூலைக் கட்டிப் பார்க்கலாமே என்று நான் செய்த சோதனையில், கண்ணாடிப் பாறை மீன் ஒன்று ஓடிய ஓட்டத்தில் நூல் என் ஆள்காட்டி விரலின் இரண்டாவது கணுவில் பிளேடு போட்டதுபோல் இறங்கிவிட்டது. அண்ணன் விரலில் எப்போதும் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டியிருப்பதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கைத்தூண்டிலுக்குத் தடித்த தங்கூசி, கம்பும் ரீலும் உள்ள தூண்டிலுக்குப் பின்னல் நூல் என்று இப்போது பிரித்து வைத்திருக்கிறோம். பின்னல் நூலின் நுனியிலும் இரண்டு பாகம் தங்கூசி கட்டித்தான் போடுகிறோம். பாரின் ஓரத்தில் பின்னல் நூல் உரசினால் நொடியில் அறுந்துவிடுகிறது. வஞ்சிரத்துக்கு இதுவும் போதாது, ஒரு சாண் கம்பி வேண்டும். அதன் பல்லுக்குப் பின்னல் நூலும் ஒன்றுதான், பூந்தொட்டிக் கயிறும் ஒன்றுதான்.

ரீலைப் பற்றி என் அனுபவத்தை ஒரு வரியில் சொல்கிறேன். வெளியூர்க் கடை ஒன்றில், உப்பு நீருக்கென்றே செய்தது என்று சொல்லி விற்ற ரீலை வாங்கி வந்தேன். ஒரு வாடைக் காலம் முடிவதற்குள் உள்ளே துருப்பிடித்துச் சுழல மறுத்துவிட்டது, கடைக்காரரும் கைவிரித்துவிட்டார். டார்வின்காரர் விட்டுப்போன பழைய ரீல், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலசி வைப்பதால் இன்னும் ஓடுகிறது.

பெர்கன்காரர் கொடுத்த பரிசுதான் பாவம். 300 கிராம் எடையில் மீன் வடிவத்து உலோகத் தூண்டில். அவர் ஊருக்கு வடக்கே இருக்கும் சோக்னே நீர்ப்பிளவின் ஆழம் 1,300 மீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட இடங்களில் அடித்தளம் வரை இறக்கிப் பிடிக்க அது வேண்டும். எங்கள் வடகடலில் போட்டால் சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கிறது. கடைசியில் எங்கள் தெருக் கொத்தனார் அதை வாங்கிப்போய்த் தூக்குக்குண்டாக வைத்திருக்கிறார். நூல் பிடித்தால் சுவர் அச்சாக வருகிறதாம். ஆனால் அதே பெர்கன்காரர் கொடுத்த ஒரு பொட்டலம் முள் மாதிரி இதுவரை நாங்கள் வாங்கியதில்லை; உள்நோக்கி வளைந்த வட்ட முள், மீனின் கடைவாயில் மட்டும் மாட்டுகிறது. சிறு மீனாக இருந்தால் காயமில்லாமல் திருப்பி விடவும் முடிகிறது.

மன்னாரின் பதினெட்டு அடி

மன்னார்ச் சம்பந்தி வீட்டாரின் படகு 18 அடிக்குச் சற்றுக் கூடுதலான ஃபைபர் படகு. பின்னால் கழற்றி மாட்டக்கூடிய வெளி இன்ஜின். இலங்கைக் கரையில் இந்த அளவுதான் மிகவும் புழக்கம். அண்ணன் தொலைபேசியில் கேட்ட கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை: கரையேற்ற எத்தனை பேர், மூன்று பேர் ஒரே பக்கத்தில் நின்றால் எவ்வளவு சாய்கிறது, வாடைக்குள் எவ்வளவு தூரம் போகலாம். பதில்கள் எங்கள் மூன்று தேவைகளோடும் பொருந்தின. உருளைக் கட்டை போட்டால் நாலு பேர் போதும். இன்ஜினைக் கழற்றிவிட்டால் டிராக்டர் பெட்டியில் ஏறும். மூன்று பேர் ஒரே பக்கம் நின்றால் சாய்கிறது. அதற்குத்தான் நாங்கள் 20 அடியாகக் கட்டச் சொல்கிறோம், அகலத்தையும் ஒரு சாண் கூட்டச் சொல்கிறோம்.

தென்கடலில் ஐந்து பாகத்துக்கு அப்பால் போய்வர 20 அடி போதுமா என்பதில் எனக்கு இன்னும் சிறு தயக்கம் உண்டு. போதும், ஆனால் எல்லா நாளும் போதாது என்பதே நேர்மையான விடை. முப்பது அடிப் படகு துணிந்து இறங்கும் சில நாள்களில் நாங்கள் கரையில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். பிழைப்புக்குப் போகிறவருக்கு அந்த நாள்கள் இழப்பு. எங்களுக்கு அவை விடுமுறைக்குள் ஒரு விடுமுறை. இந்த ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொண்ட பிறகு தேர்வு எளிதாகிவிட்டது.

இன்ஜின் விஷயத்தில்தான் வாக்குவாதம் நீண்டது. 9.9 குதிரைத்திறன் கொண்ட இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இன்ஜின் எடை குறைந்தது, சுமார் 40 கிலோ. ஒருவர் தோளில் தூக்கிப்போய் வீட்டில் வைக்கலாம், பாம்பனில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகையில் புகையும் சத்தமும் அதிகம். நான்கு வீச்சு பெட்ரோல் இன்ஜின் எடை கூடியது, விலை கூடியது. ஆனால் எரிபொருளை மிச்சம் பிடிக்கும், மெதுவாக ஓட்டித் தூண்டிலைப் பின்னால் இழுக்கும்போது திணறாது. வஞ்சிரத்துக்கு மெதுவாக நெடுநேரம் இழுக்க வேண்டியிருப்பதாலும், மானிய மண்ணெண்ணெயைத் தொடுவதில்லை என்று முன்பே பேசி வைத்திருப்பதாலும், நான்கு வீச்சு என்று நானும் மச்சானும் வாக்களித்தோம். கடலில் நின்றுபோனால் யார் பார்ப்பது என்று அண்ணன் கேட்டார். பழைய இரண்டு வீச்சு இன்ஜின் ஒன்றைத் துணைக்குக் கரையில் வைத்துக்கொள்வது என்றும், தூரம் போகும் நாளில் துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் புறப்படுவதில்லை என்றும் சமாதானம் ஆயிற்று. உயிர்காப்பு மேலுடையும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணைப் பதிந்த கைப்பேசியை நனையாத பையில் வைத்துக்கொள்வதும் பேச்சுக்கு அப்பாற்பட்டவை.

பட்டறையில் அளவு சொல்லிவிட்டு வந்தோம்: நீளம் 20 அடி, அடித்தளத்தின் உள்பக்கம் பழைய கயிற்றுப் பாய் விரித்து ஒட்டி ஓசையைக் குறைப்பது, கம்பை நிறுத்தி வைக்க இருபுறமும் இரண்டிரண்டு பிளாஸ்டிக் குழாய், இடப்பக்க விளிம்பில் மட்டும் வழவழப்பான மரச்சட்டம். மரச்சட்டம் அண்ணனின் கைத்தூண்டிலுக்கு. ஃபைபர் விளிம்பில் உரசினால் தங்கூசி பிசிர் விடுகிறதாம். பட்டறைக்காரர் அன்றைக்கே முன்பணம் கேட்டார். ஆடி மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்று மச்சானின் அம்மா தடுத்துவிட்டதால், ஆவணி பிறந்ததும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதுவரை கச்சான் அடிக்கும். வடகடல் அடங்கிக் கிடக்கிறது, வத்தையும் சும்மாதான் இருக்கிறது.